வாக்கர் நடந்தது எங்கே?

ஜானி வாக்கர் பாட்டிலின் லேபிளில் ஓர் ஆள் நடந்துகொண்டே இருப்பார். தலையில் உயரத் தொப்பி, கையில் கைத்தடி, முழங்கால் வரை பூட்ஸ், எட்டி வைத்த கால். 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் போட்டுக் கொடுத்த படம் அது. கடைக்காரர் பெயர் வாக்கர், வாக்கர் என்றால் நடப்பவர், ஆகவே நடக்கிற ஆள். விளம்பரம் என்ற வகையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் குடும்பப் பெயரை முதன்முதலில் வாங்கிக்கொண்டவர்கள் எங்கும் போனவர்கள் இல்லை. தொட்டிக்குள் இறங்கினால் வேலை முடியும்வரை நின்ற இடத்திலேயே மிதித்தார்கள். காலடியில் கிடந்தது கம்பளித் துணி. அது ஊறிக்கொண்டிருந்தது நாள்பட்ட மூத்திரத்தில்.

ஆங்கிலேயர்களின் குடும்பப் பெயர்களில் தொழிலிலிருந்து வந்தவை ஏராளம். கிரிக்கெட் ஸ்கோர்கார்டுகளைப் புரட்டினாலே போதும். ஸ்மித் கொல்லர், டெய்லர் தையல்காரர், குக் சமையல்காரர், ஆர்ச்சர் வில்லாளி. இந்திய அணிக்குப் பயிற்சியாளராக இருந்த டங்கன் பிளெட்சரின் பெயர் அம்பு செய்பவரைக் குறிப்பது. இவற்றுக்கெல்லாம் விளக்கம் ஒரு வரியில் முடிந்துவிடும். வாக்கர் விஷயம் அப்படி முடியாது. துணி மிதிக்கும் அந்த ஒரே வேலைக்கு இங்கிலாந்தில் பகுதிக்கு ஒரு பெயர் வழங்கியது. வடக்கே வாக்கர், தென்கிழக்கே ஃபுல்லர், தென்மேற்கே டக்கர். மூன்றுமே குடும்பப் பெயராகி இன்றுவரை புழங்குகின்றன. (நம் சென்னை ‘டக்கர்’ வேறு.) தொழிற்பெயர்கள் எப்படி ஒட்டிக்கொண்டன என்பதைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இவற்றைவிட நல்ல உதாரணம் இல்லை.

முதலில் வேலையைப் பார்ப்போம்.

கம்பளித் துணி தறியிலிருந்து இறங்கும்போது உடுத்தும் நிலையில் இருக்காது. இழைகளுக்கு நடுவே இடைவெளி இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் தெரியும். ஆட்டு ரோமத்தில் இயல்பாக உள்ள கொழுப்பும் நூற்பதற்காகத் தடவிய எண்ணெயும் சேர்ந்து பிசுபிசுக்கும். அந்தத் துணியை நனைத்து, கொழுப்பைக் கரைக்கும் ஒன்றைச் சேர்த்து, ஓயாமல் அழுத்திப் புரட்டினால் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். அழுக்கும் எண்ணெயும் போய்விடும். கூடவே, ரோமத்தின் மேற்புறத்தில் உள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு, பிறகு விடுபடாமல் நின்றுவிடும். துணி சுருங்கித் தடிக்கும். குளிர்காற்றும் தூறலும் எளிதில் நுழையாது. ஊட்டியில் வாங்கிய கம்பளி ஸ்வெட்டரை யோசிக்காமல் வெந்நீர் விட்டு வாஷிங் மெஷினில் சுற்றவிட்டால், வெளியே எடுக்கும்போது அது வீட்டுக் குழந்தைக்குத்தான் பொருந்தும். நமக்கு விபத்தாக நடப்பதை அவர்கள் அளவு பார்த்து, வேண்டுமென்றே செய்தார்கள்.

பருத்தி இழையில் இந்தச் செதில்கள் கிடையாது. அதனால் பருத்தி நெய்யும் ஊர்களில் இப்படி ஒரு தொழில் வளரவே காரணமில்லை. இங்கிலாந்தின் கதை வேறு. இடைக்காலத்தில் அந்த நாட்டின் செல்வமே ஆட்டு ரோமம்தான். முதலில் ரோமமாக ஏற்றுமதி செய்தார்கள், பிறகு துணியாக. நெய்த கம்பளியில் பெரும்பகுதி மிதிப்பவரின் கைக்கு, சரியாகச் சொன்னால் காலுக்கு, வந்துதான் சந்தைக்குப் போக முடியும்.

மூத்திரத்துக்கு வருவோம். அதைச் சில நாள் அப்படியே வைத்தால் அதிலுள்ள யூரியா சிதைந்து அம்மோனியா உண்டாகும். அம்மோனியா கொழுப்போடு சேர்ந்து ஒருவகைச் சோப்பு போல வேலை செய்யும். காசு செலவில்லாமல் வீட்டுக்கு வீடு கிடைக்கிற சரக்கு. ரோமானியர்களுக்கும் இதே வழக்கம் இருந்தது. இதற்காகச் சேகரிக்கப்பட்ட மூத்திரத்துக்குப் பேரரசர் வெஸ்பாசியன் வரி போட்டார் என்பதும், மகன் முகம் சுளித்தபோது நாணயத்தை அவன் மூக்கருகே நீட்டி நாற்றம் அடிக்கிறதா என்று கேட்டார் என்பதும் அந்தக் காலத்திலிருந்தே சொல்லப்பட்டுவரும் கதை. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரில் இப்படிப்பட்ட பட்டறை ஒன்றின் தூணில் ஓவியங்கள் கிடைத்தன. ஆட்கள் தொட்டிகளில் நின்று, இருபுறமும் உள்ள தாழ்வான சுவர்களில் கையை ஊன்றிக்கொண்டு மிதிப்பதை அவற்றில் பார்க்கலாம்.

இன்னொரு சரக்கு ஒருவகைக் களிமண். எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும் குணம் அதற்கு உண்டு. இங்கிலாந்தில் சர்ரே, பெட்ஃபோர்டுஷையர் பகுதிகளில் வெட்டி எடுத்தார்கள். துணித் தொழிலுக்கு அது அவ்வளவு முக்கியம் என்பதால் நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது என்று தடை போட்ட காலமும் உண்டு. நம் ஊர் பியூட்டி பார்லரில் முகத்தில் பூசும் முல்தானி மட்டி அதே இனத்து மண்தான். முகத்திலுள்ள எண்ணெயை எடுக்கும் என்று சொல்லித்தான் அதையும் விற்கிறார்கள். ஆங்கிலத்தில் அந்த மண்ணின் பெயரே ‘ஃபுல்லருடைய மண்’.

மிதித்து முடித்த துணியை நல்ல தண்ணீரில் அலசி, மரச்சட்டத்தில் வரிசையாக அடித்த கொக்கிகளில் மாட்டி, இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். இங்கேதான் தில்லுமுல்லுக்கு வழி. மிதித்ததில் துணியின் அகலம் மூன்றில் ஒரு பங்கு, சில ரகங்களில் அதற்கு மேலும் சுருங்கியிருக்கும். அதைக் கொக்கியில் அளவுக்கு மீறி இழுத்தால் அகலம் கூடும். வாங்கியவர் மழையில் நனைந்ததும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். துணியின் அகலம் அரசு தலையிடும் விஷயமாக இருந்ததற்கு இப்படிப் பல காரணங்கள். 1215இன் மாக்னா கார்ட்டாவிலேயே, கரைக்குக் கரை இரண்டு எல் அகலம் இருக்க வேண்டும் என்று ஒரு பிரிவு உண்டு. (‘எல்’ அந்தக் காலத்து நீள அளவு.)

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்த வேலைக்கு இயந்திரம் வந்துவிட்டது. ஓடையில் சுழலும் சக்கரம் ஓர் உருளையைச் சுற்றும். உருளையில் துருத்திக்கொண்டிருக்கும் கட்டைகள் கனமான இரண்டு மரச் சம்மட்டிகளை மாற்றி மாற்றித் தூக்கித் தொட்டியில் போடும். டெம்ப்ளர் என்னும் போர்த்துறவிகள் 1185இல் எடுத்த சொத்துக் கணக்கில் யார்க்ஷையரிலும் குளோஸ்டர்ஷையரிலும் இப்படிப்பட்ட ஆலைகள் பதிவாகியிருக்கின்றன. அதுவரை பல ஆட்கள் மிதித்ததை இப்போது ஓர் ஆள் பக்கத்தில் நின்று துணியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டால் போதும். எலினோரா கேரஸ்-வில்சன் என்ற வரலாற்றாசிரியர் 1941இல் இதைப் பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொழிற்புரட்சி என்றே எழுதினார். பின்னால் வந்தவர்கள் அது கொஞ்சம் அதிகப்படி என்று வாதிட்டார்கள்.

ஆலை நிலப்பிரபுவுடையது, அல்லது மடத்துடையது. ஆலை கட்டியவருக்குக் கூலி வர வேண்டும் அல்லவா? ஊரார் எல்லாரும் என் ஆலைக்குத்தான் வர வேண்டும் என்றார்கள். லண்டனுக்கு வடக்கே உள்ள செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் இது பெரிய தகராறானது. அங்கே மடாதிபதி ரோஜரின் ஆலைக்குப் போகாமல் மக்கள் வீட்டிலேயே துணியை மிதித்தார்கள், வீட்டிலேயே திரிகையில் மாவு அரைத்தார்கள். 1274இல் விவகாரம் முற்றியது. அந்தச் சமயம் அரசி எலினோர் ஊருக்கு வர, மக்கள், குறிப்பாகப் பெண்கள், அவரைச் சூழ்ந்துகொண்டு முறையிட்டார்கள். வழக்கு நீதிமன்றம் போனது; தீர்ப்பு மடாதிபதிக்கே சாதகமாக வந்தது. காலால் மிதிக்கும் உரிமைக்காக ஓர் ஊரே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது.

இனி பெயருக்கு வரலாம். 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, மக்கள் பிள்ளைகளுக்கு வைத்த பெயர்கள் சுருங்கிக்கொண்டே போயின. வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட், தாமஸ், எல்லாவற்றுக்கும் மேலே ஜான். பதினான்காம் நூற்றாண்டில் ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் ஜான். ஓர் ஊரில் பத்து ஜான் இருந்தால் எந்த ஜான் என்று சொல்லியாக வேண்டும். இன்னாருடைய மகன் ஜான், மேட்டுத்தெரு ஜான், செம்பட்டை ஜான், துணி மிதிக்கிற ஜான். அடையாளத்துக்காகச் சொல்வதால், ஊரில் ஒருவரோ இருவரோ மட்டும் செய்கிற வேலைதான் பெயராகும். ஊரே உழுதுகொண்டிருக்கும்போது ‘உழவர் ஜான்’ என்றால் யாரைச் சொல்வது? ஊருக்கு ஒரு கொல்லர் என்பதால்தான் ஸ்மித் இத்தனை பெருகியது. தண்ணீர்ச் சக்கர ஆலை வந்து, பள்ளத்தாக்குக்கு ஓர் ஆலை, ஆலைக்கு ஓர் ஆள் என்று ஆனதும், வாக்கரும் டக்கரும் ஊரறிந்த ஆளானார்கள்.

இந்த அடைமொழி அவரோடு போயிருந்தால் அது பட்டப்பெயர். மகன் வேறு தொழிலுக்குப் போன பிறகும் தொடர்ந்தால்தான் குடும்பப் பெயர். அந்த மாற்றம் ஒரே நாளில் நடந்ததல்ல. நிலம் வைத்திருந்தவர்களிடம் முன்பே வந்துவிட்டது, சாதாரண மக்களிடம் 1400 வாக்கில் பெரும்பாலும் நிலைபெற்றது, வடக்கே இன்னும் தாமதம். இதில் வரி வசூலுக்கும் பங்கு உண்டு. 1377இல் பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களிடம் தலைக்கு நான்கு பென்னி வாங்கினார்கள். 1379இல் அந்தஸ்துக்கும் தொழிலுக்கும் ஏற்ப வரி. மறுபடியும் தலைக்குப் பன்னிரண்டு பென்னி என்று விதித்தபோது, 1381இல் கலகம் வெடித்தது. கலகத்துக்குத் தலைமை தாங்கிய வாட் டைலரின் பெயரும் தொழிற்பெயர்தான், கூரைக்கு ஓடு வேய்பவர். வரி கேட்டு வரும் குமாஸ்தாவுக்கு ஆளை அடையாளம் காட்டும் பெயர் தேவை. ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்த முறையும் அதே பெயரில்தான் தேடுவார்.

குமாஸ்தாவால் ஒரு சிக்கலும் உண்டு. அவர் எழுதியது பெரும்பாலும் லத்தீனில். துணி மிதிப்பவருக்கு லத்தீன் சொல் ‘ஃபுல்லோ’. ஊர்க்காரர்கள் வாயால் வாக்கர் என்றே கூப்பிட்டிருந்தாலும் பதிவேட்டில் ஃபுல்லோ ஆகிவிடும். ஃபுல்லர் என்ற ஆங்கிலப் பெயருக்கு மூலமும் அந்த லத்தீன்தான். நார்மன்கள் வருவதற்கு முன்பே ஆங்கிலத்துக்கு வந்துவிட்ட சொல், பிறகு பிரெஞ்சின் துணையோடு வலுப்பெற்றது. நார்ஃபோக், சஃபோக், கென்ட், சஸெக்ஸ் என்று கிழக்கிலும் தென்கிழக்கிலும் இது வேரூன்றியது.

வாக்கர் உள்ளூர்ச் சொல். அதன் பழைய ஆங்கில மூலமான ‘வெயால்கன்’ என்ற வினைக்குப் பொருள் உருட்டுதல், புரட்டுதல்; துணியைப் புரட்டி மிதிப்பவர் அதனால் அந்தப் பெயர் பெற்றார். காலால் நடப்பது என்ற பொருள் அந்த வினைக்குப் பிற்பாடு ஏறியது. ஆகவே லேபிளில் நடக்கும் மனிதர் வாக்கருக்கு முற்றிலும் அந்நியரும் இல்லை, ஒன்றுவிட்ட சொந்தம். யார்க்ஷையர், லங்காஷையர், டர்ஹம், ஸ்காட்லாந்து எங்கும் இந்தப் பெயர் நிறைந்திருக்கிறது. வடக்கே ஆலைக்கும் ‘வாக் மில்’ என்றே பெயர். பர்ன்லிக்குப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு சிற்றூரே இருக்கிறது. பிரிட்டனில் அதிகம் பேர் வைத்திருக்கும் குடும்பப் பெயர்களில் வாக்கர் முதல் இருபதுக்குள் வரும். கம்பளி ஆலைகள் வடக்கில் எத்தனை ஓடைக்கரைகளில் இருந்திருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

டக்கர் டெவன், சாமர்செட், கார்ன்வால் ஆட்களுடையது. அதன் பழைய வினைக்கு வதைப்பது என்று பொருள். மிதிபடும் துணியின் நிலைமையை நினைத்தால் பொருத்தம்தான். கார்ன்வாலின் கேம்போர்ன் அருகே ‘டக்கிங்மில்’ என்ற ஊர் இருக்கிறது. எக்ஸிடர் நகரத்தில் நெசவாளர், துணி மிதிப்பவர், துணி கத்தரிப்பவர் மூவருக்குமான தொழிற்சங்கம் 1471இல் கட்டிய கூடம் இன்றும் நிற்கிறது. பெயர் டக்கர்ஸ் ஹால். வேல்ஸுக்குப் போனால் ஆலைக்கு ‘பாண்டி’ என்று பெயர். 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் செய்தியில் அடிபட்ட டோனிபாண்டி, பெயரளவில், துணி மிதிக்கும் ஆலை இருந்த புல்வெளி.

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் ஆலைக்குப் போகாமல் கையாலேயே இந்த வேலை இருபதாம் நூற்றாண்டு வரை நடந்தது. அங்கே அது பெண்கள் வேலை. மூத்திரத்தில் ஊறிய ட்வீட் துணியை நீண்ட பலகையின் மேல் போட்டு, சுற்றிலும் உட்கார்ந்து, தாளத்தோடு அடித்து அடித்து அடுத்தவர் பக்கம் நகர்த்துவார்கள். ஒருத்தி கேலிக் மொழியில் பாட்டெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் கூடப் பாடுவார்கள். துணி நாற்றமும் நல்ல பாட்டும் ஒரே அறையில்.

கம்பளி கையில் எடுத்ததிலிருந்து சட்டையாவது வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு குடும்பப் பெயர் கிடைக்கும் என்பது ஆங்கிலப் பெயர்களின் சுவாரசியம். ஆடு மேய்த்தவர் ஷெப்பர்ட். நெய்தவர் தெற்கே வெப், வடக்கே வெப்ஸ்டர், அகராதி போட்ட வெப்ஸ்டர் உட்பட. மிதித்தவர் நம் மூவர். சாயம் போட்டவர் டயர். 1919இல் ஜாலியன்வாலா பாகில் சுடச் சொன்ன அதிகாரியின் குடும்பப் பெயர் அதுதான். அதே சாயக்காரருக்கு வடக்கிலும் கிழக்கிலும் லிஸ்டர் என்று பெயர். அறுவைச் சிகிச்சையில் கிருமிநாசினியைக் கொண்டுவந்த ஜோசப் லிஸ்டரின் பெயர். துணியின் மேல் எழும்பும் பஞ்சைக் கத்தரித்தவர் ஷெர்மன். கடைசியில் டெய்லர். நம் பிளஸ் டூ வேதியியலில் வரும் ஃபுல்லரீன் என்ற கார்பன் மூலக்கூறும் இந்தக் குடும்பத்தோடு சேர்த்தி. 1985இல் அதைக் கண்டறிந்தவர்கள் கட்டடக் கலைஞர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு கொஞ்சம் ஜாக்கிரதையும் தேவை. எல்லா டக்கரும் துணி மிதித்தவரின் வாரிசு இல்லை. அயர்லாந்தில் ‘ஓ டுவாகர்’ போன்ற கேலிக் பெயரை ஆங்கிலப்படுத்தியபோது டக்கர் ஆனவர்கள் உண்டு. அமெரிக்காவில் கடைசல் வேலை செய்த யூதர்களின் ‘டோக்கர்’ என்ற பெயர் டக்கராக மாறியதும் உண்டு. நியூகாசில் நகரத்தில் வாக்கர் என்றே ஒரு பகுதி இருக்கிறது, ரோமானியர் சுவருக்குப் பக்கத்துச் சதுப்பு என்ற பொருளில். அரசரின் காட்டைச் சுற்றிவந்த காவலரிடமிருந்து வாக்கர் வந்தது என்று சிலர் சொல்வார்கள். பெயர் அகராதிகள் முதலில் சொல்வது துணியைத்தான்.

உண்மையிலேயே துணி மிதித்தவரின் வழியில் வந்தவராக இருந்தாலும், பெயர் காட்டுவது ஒரே ஒரு கோட்டை. இருபது தலைமுறை பின்னால் போனால் ஒருவருடைய மூதாதையர் பட்டியலில் பத்து லட்சத்துக்கும் மேல் இடங்கள் வரும்; அப்பா, அப்பாவின் அப்பா என்று போகும் ஒற்றைக் கோட்டைத் தவிர மற்ற எதைப் பற்றியும் குடும்பப் பெயர் வாய் திறக்காது. கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அந்தக் கோடும் அறுந்திருக்கும். அங்கே ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு ஆங்கிலக் குடும்பப் பெயர் வந்தது அடிமை முறை வழியாக. தோட்ட முதலாளியின் பெயர் ஒட்டியிருக்கலாம், விடுதலையானபோது ஏதோ ஒரு பெயரை எடுத்துக்கொண்டிருக்கலாம். பிரிட்டிஷ் காலனிகளில் 1834இல் சட்டப்படி விடுதலை கிடைத்தும், 1838 வரை பலர் அதே தோட்டங்களில் கட்டாய வேலையில் இருந்தார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு யார்க்ஷையர் ஓடைக்கரையோடு எந்த உறவும் இருக்க வேண்டியதில்லை.

குறிப்பிட்ட ஒரு குடும்பத்தின் கதையைத் தேடுகிறவர்கள் வழக்கமாக 1881 மக்கள்தொகைக் கணக்கிலிருந்து தொடங்குவார்கள். அப்போதும்கூட டக்கர்கள் டெவன் பக்கமும் வாக்கர்கள் வடக்கிலுமாகவே பெரும்பாலும் இருந்தார்கள். அங்கிருந்து தேவாலயப் பதிவேடுகள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுதி வைக்க வேண்டும் என்று தாமஸ் கிராம்வெல் 1538இல் உத்தரவு போட்டதால் அதுவரை போக முடியும். அதற்கும் பின்னால் என்றால் வரிப் பட்டியலும் பண்ணை நீதிமன்றக் குறிப்புகளும்தான். அவற்றில் ‘ஃபுல்லோ’ என்று கண்ணில் பட்டால் ஃபுல்லர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எந்த மாவட்டத்துப் பதிவேடு என்று முதலில் அட்டையைப் பார்க்க வேண்டும்.